மிக்-21: காது கொடுத்துக் கேட்ட எஞ்சின்

2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகர்ல மிக்-21 விமானத்துக்கு விடை கொடுத்தாங்க. 1963-ல இந்திய விமானப்படையோட முதல் மிக்-21 ஸ்குவாட்ரன் உருவானதும் அதே சண்டிகர்லதான். 62 வருஷம். 1971 போர்ல அது என்ன பண்ணுச்சுங்கறதும், பின்னாடி அதுக்கு 'பறக்கும் சவப்பெட்டி'ன்னு பேர் வந்ததும் நீங்க ஏற்கெனவே கேள்விப்பட்டதுதான். இன்னைக்கு நான் பேசப்போறது அதோட சத்தத்தைப் பத்தி.

எங்க தாய்மாமா விமானப்படையில எஞ்சின் ஃபிட்டர். வத்திராயிருப்புல பள்ளிப்படிப்பு முடிச்சு, 1979-ல சேர்ந்து, தாம்பரத்துல ட்ரேட் ட்ரெய்னிங் எடுத்தவர். 20 வருஷ சர்வீஸ்ல பாதிக்கு மேல மிக்-21 பிஸ் கூடத்தான். அங்க அதை 'டைப் 75'னுதான் சொல்வாங்களாம். இப்ப பிளவக்கல் அணைக்குக் கீழ தென்னந்தோப்பு, கூடவே கொஞ்சம் மாமரம். (கூமாபட்டி ரீல்ஸ் பார்த்துட்டு அணையைத் தேடி வந்த கூட்டத்துல பாதிப் பேருக்கு வழி சொன்னது எங்க மாமாதான்.)

முதல்ல, அது ஏன் அவ்வளவு சத்தம்? மிக்-21-ல இருக்கறது டர்போஜெட். உள்ள போற காத்து மொத்தமும் எரியற பகுதி வழியாத்தான் போய், சின்ன வாய் வழியா பயங்கர வேகத்துல வெளிய வரும். இப்ப நாம ஏறிப் போற பயணிகள் விமானத்துல அப்படி இல்ல. பெரும்பகுதி காத்து எஞ்சினோட மையத்தைச் சுத்திக்கிட்டு மெதுவாப் போகும். 1952-ல ஜேம்ஸ் லைட்ஹில்னு ஒரு பிரிட்டிஷ் கணிதவியலாளர் இதுக்கு ஒரு விதி சொன்னார். ஜெட்டோட வேகம் ரெண்டு மடங்கானா ஒலியோட சக்தி ரெண்டு மடங்கு ஆகாது, சுமார் 256 மடங்கு ஆகும். எட்டாவது அடுக்கு! காலேஜ்ல இதைப் படிச்சப்ப பரீட்சைக்கு வர்ற ஒரு ஃபார்முலா, அவ்வளவுதான். மாமா கூட உக்காந்து பேசினப்பதான் அது ஒரு மனுஷனோட காதுக்குள்ள என்ன பண்ணும்னு உறைச்சுது.

பிஸ்-ல இருந்த ஆர்-25 எஞ்சின் ரீஹீட் போட்டா, அதாவது பின்னாடி இன்னும் எரிபொருளை ஊத்தி எரிச்சா, 7100 கிலோ உந்துவிசை தரும். அதுக்கு மேல ஒரு அவசர நிலையும் உண்டு. 4 கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழ, 3 நிமிஷத்துக்கு மட்டும், 9900 கிலோ வரைக்கும். "அதைப் போட்டா நெஞ்சுக்குள்ள எலும்பு ஆடும் மாப்ள. காதுல கேக்கறது இல்ல அது"ன்னார்.

ஆனா மாமாவுக்குப் பிடிச்சது இந்த உறுமல் இல்ல. அவர் ஒரு மணி நேரம் பேசினது எஞ்சினை அணைச்சதுக்கு அப்புறம் வர்ற சத்தத்தைப் பத்தி.

எஞ்சின் அணைஞ்சதும் உள்ள இருக்கற ரோட்டர் உடனே நின்னுடாது. சுத்திச் சுத்தித் தணியும். அது நிக்க எத்தனை விநாடி ஆகுதுன்னு கடிகாரத்தைப் பார்ப்பாங்க. சீக்கிரம் நின்னா பேரிங்லயோ பிளேடுலயோ ஏதோ தகராறு. நேரம் சரியா இருந்தாலும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கணும். உள்ள ஏதாவது உரசுதா? சுத்து முடியற கடைசி சில விநாடியில, இலேசா, நகத்தால தகரத்தைக் கீறற மாதிரி ஒண்ணு வரும். வந்தா அந்த விமானம் அன்னைக்குப் பறக்காது. வால் பக்கத்துப் பாதி உடம்பைக் கழட்டி, தள்ளுவண்டியில பின்னாடி இழுத்துட்டு, எஞ்சினை வெளிய எடுத்துருவாங்க.

இந்த மெல்லிய கீறலைக் கேக்கணும்னா காதுக் கவசத்தைக் கழட்டணும். பக்கத்து விமானம் ஓடிக்கிட்டு இருக்கும். "கழட்டாதீங்கன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. நாங்கதான் ஒரு பக்கத்தைத் தூக்கிக்குவோம். உள்ள உக்காந்து போறவன் நம்மள நம்பித்தானே போறான்?"

பலத்த சத்தம் காதைக் கெடுக்கறப்ப பெரும்பாலும் முதல்ல போறது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். அப்புறம் அக்கம்பக்கம் பரவும். பேச்சு கேக்கும், ஆனா 'ச', 'ஸ' மாதிரி எழுத்தெல்லாம் தேஞ்சு போய்க் கேக்கும். ராஜபாளையம் மில்லுல வேலை பார்த்த பெரியவங்க இருக்கற வீட்டுக்குப் போயிருந்தீங்கன்னா உங்களுக்கே தெரியும். மாமாவுக்குத் தோப்புல செம்போத்து கத்தறது நல்லாக் கேக்குது. அதே மரத்துல இருக்கற தேன்சிட்டு கேக்கறதில்ல. ராத்திரியில காதுக்குள்ள ஒரு 'ங்ஙீ' மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு.

விபத்துகளைப் பத்தியும் கேட்டேன். 2012-ல அப்போதைய பாதுகாப்புத் துறை அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்துல சொன்ன கணக்குப்படி, வாங்கின 872 மிக் வகை விமானங்கள்ல 482 விபத்துக்குள்ளாச்சு, 171 விமானிகள் இறந்தாங்க. எண்ணைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சவப்பெட்டிங்கற வார்த்தை மேல அவருக்கு வந்த கோபம் இருக்கே! மிக்-21 தரையைத் தொடறப்ப வேகம் ரொம்ப அதிகம். கிரண் மாதிரி மெதுவான பயிற்சி விமானத்துல பழகின பசங்க நேரா இதுல வந்து ஏறினாங்க. நடுவுல ஒரு படி வேணும், நவீன பயிற்சி ஜெட் வேணும்னு எண்பதுகள்லயே பரிந்துரை வந்தாச்சு. ஹாக் விமானம் படையில சேர்ந்தது 2008-ல. "படி இல்லாத வீட்டுல விழுந்தா வீட்டையா திட்டுவ?"ன்னு கேக்கறார். எனக்கு இதுல முழு உடன்பாடு இல்ல. வயசான விமானத்தை அத்தனை வருஷம் ஓட்டினதுக்கும் ஒரு விலை இருந்திருக்கும். ஆனா ஒவ்வொரு எஞ்சினையும் காது வச்சுக் கேட்டு அனுப்பின மனுஷன்கிட்ட அதை எந்த அளவுக்கு வாதாடறது?

சண்டிகர் வீடியோவை முதல்ல போன்லயே போட்டுக் காட்டினேன். "இது என்ன, மிக்ஸியா?"ன்னார். போன் ஸ்பீக்கருக்கு அடி ஒலி வராது. எடிட்டிங் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கிட்டு, "இப்ப ரீஹீட் பிடிச்சிருச்சு பாரு"ன்னு சரியான இடத்துல கையைத் தூக்கினார். அப்புறம், "அந்த விசில் எங்க? ரெக்கார்ட் ஆகலையா?"ன்னு கேட்டார். லேப்டாப் திரையில ஸ்பெக்ட்ரோகிராம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கம்ப்ரெசர் விசில் அதுல 4000-க்கு மேல பளிச்சுன்னு ஒரு கோடாத் தெரியுது. எனக்குக் காதுலயும் கேக்குது.

அந்தக் கோட்டை மட்டும் பிரிச்சு, சாஃப்ட்வேர்ல ரெண்டு ஸ்தாயி கீழ இறக்கிப் போட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை கேட்டார். "சுருதி தப்பு மாப்ள. ஆனா ஏறுற விதம் சரி. நல்ல எஞ்சின்தான், அனுப்பலாம்."

அந்த ஒலித் துண்டு ரெண்டையும், அசலையும் மாமாவுக்காக இறக்கினதையும், அடுத்து அடுத்துப் போடறேன். ஹெட்போன்ல கேக்கறவங்க இப்பவே வால்யூமைப் பாதியாக் குறைச்சுக்கோங்க.