சராசரிக்குள் மறையும் வீடுகள்

ஒரு மின் நிறுவனத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை உலகெங்கும் பெரும்பாலும் இரண்டு எண்களால் அளக்கிறார்கள். ஆண்டொன்றில் ஒரு பாவனையாளருக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் கறண்ட் இல்லாமற் போனது என்பது சைடி. எத்தனை தடவை போனது என்பது சைஃபி. இந்தச் சராசரிகளை மட்டும் பார்த்து எந்த நிறுவனத்துக்கும் நற்சான்று கொடுக்கக் கூடாது என்பதே என் வாதம். நல்லூரில் 1000 வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஒழுங்கையிலுள்ள 100 வீடுகளில் மட்டும் 5 மணிநேரம் மின் நின்றால் சைடி அரை மணிநேரம். 1000 வீடுகளிலும் அரை மணிநேரம் நின்றாலும் அதே அரை மணிநேரந்தான். கணக்கு இரண்டையும் ஒன்றென்கிறது. அந்த ஒழுங்கையிலோ கிணற்று மோட்டர் ஓடவில்லை, தண்ணீர்த் தாங்கி வற்றிவிட்டது, குளிர்சாதனப் பெட்டியில் வைத்த இன்சுலின் சூடேறுகிறது. அமெரிக்காவில் உருவான 1366 என்ற தரமுறை, 5 நிமிடத்துக்கு மேற்பட்ட தடையையே நீடித்த தடையாகக் கொள்கிறது. நாள் முழுக்க ஓரிரு நிமிடம் நின்று நின்று வரும் கறண்ட் இந்த இரு எண்களுக்குள்ளும் வராது.

புயலுக்கும் இடிமின்னலுக்கும் நிறுவனம் பொறுப்பா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்காகவே அந்தத் தரமுறை, 5 ஆண்டுத் தரவை வைத்து அசாதாரண நாட்களைப் பிரித்துத் தனியே காட்டச் சொல்கிறது. ஆனால் தனியே காட்டுவது வேறு, மறைப்பது வேறு. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் இலங்கை முழுவதுமே மின்னிழந்தது என்றார்கள். ஓரிடத்துப் பழுது முழுநாட்டையும் வீழ்த்தியது வலையமைப்பின் பலவீனம்; அந்த நாள் கணக்கில் நிற்கத்தான் வேண்டும்.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. 1983 இல் தொடங்கிய லெக்கோ என்ற மின் விநியோக நிறுவனம், நீர்கொழும்பு முதல் காலி வரையான நெருக்கமான கரையோரப் பகுதிகளுக்கு மின் வழங்குகிறது. போர்க்காலத்தில் தேசிய மின்வலையிலிருந்து துண்டுபட்டு, பின்னர் கிளிநொச்சி–சுன்னாகம் வழியாக மீண்டும் இணைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டை அந்தப் பகுதிகளோடு ஒப்பிடலாமா? அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனால் நல்லூரின் இந்த ஆண்டை நல்லூரின் சென்ற ஆண்டோடு ஒப்பிடலாம். ஒரே தன்மையான இரு ஊர்களை ஒப்பிடலாம். அதற்கு ஒவ்வொரு மின்வழிக்குமான தரவு வேண்டும். மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதை ஊர்வாரியாக, எளிய தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். நேயர்களே, கறண்ட் நின்ற நேரத்தையும் வந்த நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். முறையிடும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.