குறட்டையை மறைக்காதீர்கள்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பழைய கதைகள் பேச வந்த இடத்தில் குறட்டையைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரியுங்கள், ஆனால் கேளுங்கள்.

நான் குறட்டை விடுகிறேன் என்று பிள்ளைகள் சொன்னபோது வெட்கப்பட்டேன். காலையில் தலையிடி, பகலெல்லாம் களைப்பு. மாதவிடாய் நின்ற வயதில் இப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவுகட்டினேன். ஒருநாள் அடுப்பில் சோறு கருகிப் புகை மூடியபோதும் கதிரையில் உறங்கிக் கிடந்தேன். பேரன்தான் எழுப்பினான். அதன் பிறகே வைத்தியரிடம் போனேன்.

இரவுப் பரிசோதனை செய்தார்கள். நித்திரையில் தொண்டைத் தசை தளர்ந்து, கரை சரிந்த வாய்க்கால் போல மூச்சுப்பாதை அடைபடுகிறது. இதுதான் ஸ்லீப் அப்னியா. மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ மூச்சுத் தடைப்பட்டால் கடுமையான நிலை. கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தமும் இருதய நோயும் கூடும்.

இதற்குத் தருவது சீபாப் இயந்திரம். கவசத்தின் வழியே மெல்லிய காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருக்கும். சிட்னியில் வைத்தியர் கொலின் சலிவன் 1980இல் இதை முதலில் பயன்படுத்தி, அடுத்த ஆண்டு ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். அன்று கவசத்தை மூக்கோடு ஒட்டவேண்டியிருந்தது. இன்று நமக்குத் தெரிவு உண்டு.

என் முதல் கவசம் முகத்துக்குப் பெரிது. காற்றுக் கசிந்து கண்ணில் அடித்தது. பத்து நாளில் எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். மூன்று மாதம் வீணாகப் போனது. பிழை இயந்திரத்தில் இல்லை, கவசத்தின் அளவில்தான்.

ஆகவே கவசத்தைப் படுத்தபடி, காற்றோட்டத்தோடு, இருபக்கமும் திரும்பிப் பார்த்தே வாங்குங்கள். வாயால் மூச்சு விடுபவருக்கு மூக்கையும் வாயையும் மூடும் கவசம் பொருந்தும். முகம் மூடினால் பயப்படுபவர் மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துவதைக் கேட்கலாம். பட்டியை இறுக்கிக் கசிவை நிறுத்தப் பார்க்காதீர்கள், அளவை மாற்றுங்கள். வாய் காய்ந்தால் ஈரப்பதமூட்டி உதவும். முதலில் பகலில் வானொலி கேட்டபடி அணிந்து பழகுங்கள்.

வெளிநாட்டுத் தங்கைமாரே, பாவித்த இயந்திரத்தை ஊருக்கு அனுப்புமுன் மாதிரியைச் சரிபாருங்கள். ஒலி குறைக்கும் நுரை சிதையக்கூடும் என்று 2021இல் பிலிப்ஸ் நிறுவனம் பல இலட்சம் கருவிகளைத் திரும்பப் பெற்றது. ஒருவரின் அழுத்த அளவு இன்னொருவருக்குப் பொருந்தாது. அதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும், நித்திரையில் என் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டாரிடம் கேளுங்கள். அடுத்த ஒன்றுகூடலிலும் நாம் எல்லோரும் சந்திக்கவேண்டும்.