வண்டியின் கழுத்து

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் அதன் எஞ்சினைப் பற்றி ஓயாமல் பேசுவர். எண்ணெய் மாற்றிய நாளை நினைவில் வைப்பர். டயரில் காற்றுப் பார்ப்பர். வண்டியின் கழுத்தை நினைப்பவரோ மிகச் சிலர். கைப்பிடியும் முன்சக்கரமும் சட்டத்தோடு சேரும் மூட்டையே கழுத்து என்கிறோம். ஓட்டுபவரின் உயிர் அந்த ஒரு மூட்டை நம்பியிருக்கிறது என்றால் மிகையாகாது.

நாம் யந்திரத் தொழில் பயின்றவரல்லோம். அரசாங்கக் கோப்புகளைத் தமிழாக்குவது நம் பணி. ஆயினும் பல ஆண்டுகளாகத் தில்லியில் இரு சக்கர வண்டியிலேயே அலுவலகம் போய் வருகிறோம். ஒருமுறை நம் கையாலேயே ஒரு பிழை செய்து, அதன் பயனையும் கண்டோம். அந்த அநுபவமே இப்பேச்சுக்குக் காரணம்.

முதலில் கழுத்தின் அமைப்பைப் பார்ப்போம். சட்டத்தின் முன்புறத்தில் சாய்வாக ஒரு குழாய் உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தண்டு அதனூடே செல்கிறது. குழாயின் மேல்வாயிலும் கீழ்வாயிலும் கிண்ணம் போன்ற வளையங்களும், அவற்றினுள் கிரீஸில் பதிந்த எஃகுக் குண்டுகளும் இருக்கும். சைக்கிள் கடையில் இதே அமைப்பைப் பலரும் பார்த்திருக்கலாம். 1955-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் உருவாக்கிய பழைய புல்லட் வண்டிகளில் கால் அங்குலக் குண்டுகள் இருந்தன. இன்றைய வண்டிகள் பலவற்றில் குண்டுகளுக்குப் பதிலாக ஒருமுனை சிறுத்த உருளைகள் உள்ளன. பட்டறைகளில் இதனைக் ‘கோன் செட்’ என்பார்கள். எதுவாயினும், அதை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதைக் கழுத்தின் மேலுள்ள ஒரு நட்டே முடிவு செய்கிறது.

நாளடைவில் இந்தப் பிடிப்புத் தளர்வது இயல்பு. பள்ளத்தில் இறங்கும்போதும், முன் பிரேக்கை அழுத்தும்போதும் கைப்பிடியருகே ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்கும். அதைப் பொருட்படுத்தாது ஓட்டினால் குண்டுகள் கிண்ணத்தை இடித்து இடித்துக் குழி செய்துவிடும்.

ஒரு குளிர்காலத்தில் நம் வண்டியிலும் அவ்வொலி கேட்டது. நட்டைக் கை வலிக்கும் மட்டும் முறுக்கினோம். ஒலி நின்றுவிட்டது, நமக்கும் பெருமை. மறுநாள் காலை மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ரிங் ரோடில் புறப்பட்டோம். நெரிசலில் மெதுவாகச் சென்றபோது வண்டி கள்ளுண்டவன் நடைபோலத் தள்ளாடிற்று. எதிர்ப்பட்ட குழிக்கு விலகக் கைப்பிடியைத் திருப்பினோம், திரும்பியது மீளவில்லை. பக்கத்தில் வந்த பஸ்ஸுக்கும் நம் முழங்கைக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும். மகள் ஒன்றும் பேசவில்லை; நம் சட்டையை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டாள். பள்ளி வாசல் வரையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.

இறுகிய கழுத்து ஏன் இவ்வளவு அபாயம் விளைவிக்கிறது? ஓடும் வண்டி இடப்புறம் சாய்ந்தால் முன்சக்கரமும் தானாகவே சிறிது இடப்புறம் திரும்பும். உடனே வண்டி நிமிரும். வலப்புறமும் அவ்வாறே. இச்சிறு திருத்தங்கள் இடைவிடாது நிகழ்கின்றன. நம் கை அவற்றை அறிவதில்லை. கழுத்தை இறுக்கிவிட்டால் சக்கரம் தானாகத் திரும்ப இயலாது. அந்த வேலையைக் கை செய்ய முற்படுகிறது. செய்யும்போது அளவு மீறிவிடுகிறது. தளர்ச்சி ஒலியெழுப்பியாவது நம்மை எச்சரிக்கும். இறுக்கமோ அமைதியாக இருந்தே கேடு செய்யும்.

ஆகவே முறையாகச் செய்வது எப்படி என்று பார்ப்போம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கடியில் மரக்கட்டை கொடுத்து, முன்சக்கரம் தரையைத் தொடாதவாறு செய்யவேண்டும். துணைக்கு ஒருவர் இருப்பது நலம். ஃபோர்க்கின் இரு கால்களையும் அடியில் பற்றி முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். துணைவர் கழுத்தின் மூட்டில் விரல் வைத்திருக்கட்டும். விரலில் அசைவு தெரிந்தால் கழுத்துத் தளர்ந்திருக்கிறது. விரலில் தெரியாமல் கீழே மட்டும் ஆடினால் குறை ஃபோர்க்கின் உட்புறத்தில் இருக்கலாம். அதற்குக் கழுத்தை இறுக்கிப் பயனில்லை.

அடுத்து, ஃபோர்க்கை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளையும் உச்சி நட்டையும் தளர்த்தி, அடியிலுள்ள நட்டைக் கொக்கி ஸ்பானரால் மிகச் சிறிதே, அரைக்கால் சுற்று அளவுக்கு, திருப்பவேண்டும். உச்சி நட்டை முடுக்கியதும் மறுபடி சோதித்தல் அவசியம். ஏனெனில் அது முடுக்கப்படும்போது கீழ்நட்டும் சிறிது அழுந்தும். வண்டியின் கையேட்டில் அளவு தரப்பட்டிருந்தால் அதுவே பிரமாணம்.

முடிவான சோதனை எளியது. கைப்பிடியை நேராக நிறுத்தி ஒரு விரலால் மெல்லத் தட்டுங்கள். அது தன் பாரத்தாலேயே ஒரு பக்கம் சாயவேண்டும், மறுபக்கமும் அவ்வாறே. கேபிள்கள் இழுத்துப் பிடிக்கவில்லை என்பதையும் கவனித்துக்கொள்ளவேண்டும். முன்னும் பின்னும் ஆட்டமில்லை, பக்கங்களில் தடையில்லை என்ற நிலையே சரியான நிலை. நேர்நிலையில் கைப்பிடி பள்ளத்தில் விழுந்ததுபோல் சிக்கிக்கொண்டால், கிண்ணத்தில் குழி விழுந்துவிட்டது என்று பொருள். அப்போது எந்த முடுக்கலும் உதவாது. கிண்ணங்களையும் குண்டுகளையும் ஒருசேர மாற்றுவதே வழி.

அன்று மாலை ஒரு முதிய மெக்கானிக் நம் வண்டியின் நட்டைத் தளர்த்திச் சரிசெய்தார். வேலை முடிந்ததும் நம்மிடம் ஒன்றும் சொல்லாமல், பக்கத்தில் நின்ற மகளை அழைத்துக் கைப்பிடியைத் தட்டச் சொன்னார். அவள் சுண்டுவிரல் பட்டதும் அது மெல்லச் சாய்ந்தது. அன்று முதல் மாதம் ஒருமுறை அவளே அதைத் தட்டிப் பார்த்த பின்னர்தான் வண்டியில் ஏறுகிறாள்.