வெட்கம் வேறு, நோய் வேறு

(குடும்ப நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

இன்றைய பேச்சுக்கு நோட்டீஸில் 'பெண்கள் உடல்நலம்' என்று மட்டுமே போட்டிருந்தோம். முழுத் தலைப்பையும் அச்சடிக்க நிர்வாகக் குழுவில் பலருக்குத் தயக்கம். உண்மையைச் சொன்னால் எனக்கும் தயக்கம்தான். பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும் வலியைப் பற்றிப் பேசப் போகிறேன். மருத்துவ விவரங்களை மகளிர் மருத்துவர் ஒருவர் வரி வரியாகப் படித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் பெண்கள் பகுதியில் அவர் இருப்பார். ஆண்கள் யாரும் எழுந்து போக வேண்டாம். இந்தப் பேச்சில் பாதி நமக்குத்தான்.

மத்ரஸாவில் புகாரி ஷரீஃப் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், ஹைளைப் பற்றிய பாடம் வந்ததும் நாங்கள் மாணவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். உஸ்தாத் கிதாபை மூடிவிட்டுச் சொன்னார்: "பெண்கள் கேட்டார்கள், நபியவர்கள் பதில் சொன்னார்கள். அதனால்தான் இந்தப் பாடமே நம் கையில் இருக்கிறது. நீங்கள் எதற்குத் தலை குனிகிறீர்கள்?"

அந்தப் பாடத்தில் ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்களின் செய்தி வருகிறது. அவர்களுக்கு உதிரப்போக்கு நிற்கவே இல்லை. நேராக நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தொழுகையை விட்டுவிடவா என்று கேட்டார்கள். அது நரம்பிலிருந்து வருவது, மாதவிடாய் அல்ல என்று நபியவர்கள் விளக்கி, தொழ வேண்டிய முறையையும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பெண் தன் உடலின் மறைவான நோயைச் சொன்னாள். அவளை யாரும் அடக்கவில்லை, குறை சொல்லவில்லை. நம் மார்க்கத்தில் வெட்கம் ஈமானின் ஒரு கிளை. ஆனால் நோயை மறைக்கச் சொல்லும் வெட்கம் அதில் சேராது.

இப்போது நான் என் தவறைச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு குடும்பப் பிரச்சினை பேச்சுவார்த்தைக்கு வந்தது. நிக்காஹ் ஆகி ஒன்றரை வருடம். பெண் சேர்ந்து வாழ மறுக்கிறாள் என்பது மாப்பிள்ளை வீட்டாரின் புகார். பெண்ணின் வாப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசாரிக்க உட்கார்ந்திருந்த நாங்கள் ஐந்து பேரும் ஆண்கள். அந்தப் பெண் திரைக்குப் பின்னாலிருந்து ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "எரியுது." அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. நாங்களும் கேட்கவில்லை. "பொறுத்துப் போம்மா, போகப் போகச் சரியாயிடும்" என்று சொன்னவன் நான்.

சரியாகவில்லை. அந்த வருடமே இருவரும் பிரிந்தார்கள். பிறகு அவளுடைய உம்மா அவளை ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கேதான் அது ஒரு நோய் என்று தெரிந்தது. ஏறக்குறைய ஒரு வருட சிகிச்சையில் நன்றாகத் தேறினாள், அல்ஹம்துலில்லாஹ். அந்த உம்மா பின்னால் என் மனைவியிடம் கேட்டாராம்: "அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் 'டாக்டரைப் பாருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. இந்தப் பேச்சே அந்தக் கேள்வியால் வந்ததுதான்.

சரி, இது என்ன நோய்? சிறுநீர்த் துளையையும் பிறப்பு வழியின் வாயையும் சுற்றியுள்ள வெளிப்பகுதியில் வலி. மிளகாய் பட்டதுபோல் எரிச்சல், ஊசி குத்துவதுபோல் சுருக்கு, தோல் உரிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டதுபோல் காந்தல் என்று பெண்கள் விதவிதமாகச் சொல்கிறார்கள். சிலருக்கு நாள் முழுவதும் இருக்கும். சிலருக்குத் தொட்டால், வெகுநேரம் உட்கார்ந்தால், இறுக்கமான உடை உடுத்தினால், தாம்பத்தியத்தின்போது மட்டும் வரும். இப்படி மூன்று மாதத்துக்குமேல் நீடித்து, பரிசோதனையில் வேறு காரணம் எதுவும் தெரியாவிட்டால் அதற்கு 'வல்வோடினியா' என்று மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது புதிதாக முளைத்த நோயும் அல்ல. 1880களிலேயே அமெரிக்க மருத்துவ நூல்களில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பிறகு நீண்ட காலம் மருத்துவ உலகமே இதைக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 16 பெண்கள் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இப்படி மூன்று மாதமாவது நீடித்த வலியை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர்வரை மருத்துவரிடமே போகவில்லை. போனவர்களிலும் பலர் மூன்று, நான்கு மருத்துவர்கள் மாறியும் நோயின் பெயரே தெரியாமல் திரும்பினார்கள். படிப்பும் வசதியும் உள்ள ஊரிலேயே இந்த நிலை என்றால் நம் வீடுகளில் எத்தனை பேர் வாய் மூடி இருப்பார்கள்?

"பார்த்தால் ஒன்றுமில்லையே, எப்படி வலிக்கும்?" என்று கேட்கிறார்கள். காலில் குத்திய முள்ளை எடுத்த பிறகும் அந்த இடத்தைத் தொட்டால் சுரீர் என்கிறதல்லவா? நரம்பு அப்படிக் கூச்சம் கொண்டுவிடுகிறது. வலிக்குமே என்ற பயத்தில் இடுப்பின் அடித்தளத்துத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. இறுகினால் வலி கூடும், வலி கூடினால் இன்னும் இறுகும். இந்த இறுக்கத்தை அந்தப் பெண் வேண்டுமென்று செய்வதில்லை. இது மாப்பிள்ளை பிடிக்காததன் அடையாளமும் அல்ல, ஒழுக்கக் குறையும் அல்ல, செய்வினையும் அல்ல.

ஆனால் எல்லா எரிச்சலும் இந்த நோய் என்று நினைத்துவிடக் கூடாது. பூஞ்சைத் தொற்று, அக்கி, தோல் ஒவ்வாமை, மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சி, பிரசவத்தில் போட்ட தையல், இவற்றாலும் வலி வரும். பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். தோல் வெளுத்துத் திட்டுத் திட்டாகி அரிக்கும் 'லைக்கன் ஸ்கிளிரோசஸ்' என்ற நோயும் உண்டு. அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் தோல் சுருங்கித் தழும்பாகும். சிலருக்குப் புற்றுநோய் வரவும் வாய்ப்புண்டு. ஆறாத புண், புதிய கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம், இவற்றில் எது இருந்தாலும் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வலி என்றதும் வேப்பிலை வெந்நீர், மஞ்சள், கிருமிநாசினி கலந்த தண்ணீர், வாசனை சோப்பு என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். நொந்திருக்கும் தோலுக்கு இவை மேலும் எரிச்சல் தரும். அதற்கும் கேட்காவிட்டால் யாராவது மருந்துக் கடைக்குப் போய் 'அரிப்புக்கு ஒரு களிம்பு' என்று கேட்டு வாங்கி வருகிறார்கள். அப்படிக் கிடைக்கும் பல களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. மருத்துவர் அளவு சொல்லித் தந்தால் அது மருந்து. நாமாகவே மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து நோய் முற்றும்.

வீட்டில் செய்யக்கூடியவை எளிமையானவை. கழுவுவதற்கு வெறும் தண்ணீர் போதும். குழாயை வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். சுத்தம் போதவில்லையோ என்ற வஸ்வாஸில் திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டாம். பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். உள்ளாடை பருத்தியாக, தளர்வாக இருக்கட்டும். சோப்புத்தூள் தங்காமல் நன்றாக அலசுங்கள். வாசனை சேர்த்த நாப்கின் வேண்டாம். முடி நீக்கும் கிரீமும் சவரமும் எரிச்சல் தந்தால் கத்தரியால் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. எரிச்சல் அதிகமானால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைக்கலாம். வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவினால் சிறுநீர் பட்டு எரிவது குறையும்.

இரண்டு, மூன்று வாரத்தில் தணியாவிட்டால் மகளிர் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகளிர் பிரிவு, தோல் பிரிவு, இயன்முறை சிகிச்சைப் பிரிவு மூன்றும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில் இருக்கும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். உம்மாவோ ராத்தாவோ கூட இருக்கலாம். கல்யாணமாகாத பெண்ணுக்கும் இந்த வலி வரும். அவளை அழைத்துப் போகப் பயப்படாதீர்கள். வெளிப்பகுதியைப் பார்த்து, பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்லத் தொட்டு எங்கே வலிக்கிறது என்று கேட்பதுதான் முக்கியப் பரிசோதனை. உட்பரிசோதனை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிக்கொள்ளலாம்.

சொல்ல வாய் வரவில்லையா? ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எப்போது தொடங்கியது, எங்கே, எப்படிப்பட்ட வலி, எதனால் கூடுகிறது, இதுவரை என்னென்ன பூசினீர்கள் என்று ஐந்து வரி போதும். பழைய களிம்புக் குழாய்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.

சிகிச்சை ஒரே மருந்தில் முடிவதில்லை. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் களிம்பு தருவார்கள். அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி இரவில் சாப்பிடச் சொல்லலாம். இந்த மாத்திரையால்தான் நம் வீடுகளில் குழப்பம் வருகிறது. இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "இது மனநோய் மாத்திரை, பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதிக அளவில் அது மனச்சோர்வுக்குத் தரும் மருந்துதான். குறைந்த அளவில் நரம்பு வலிக்குத் தருகிறார்கள். சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கும் அதைத் தருவதுண்டு. வாய் உலரும், தூக்கம் வரும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். திடீரென்று நிறுத்தக் கூடாது. கர்ப்பமாக இருந்தாலும் பால் கொடுத்தாலும் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இயன்முறை சிகிச்சையில் இறுகிய தசைகளைத் தளர்த்தவும், வயிறு நிறைய மூச்சை இழுத்து மெல்ல விடவும் பழக்குவார்கள். பிரசவத்துக்குப் பிறகு செய்யச் சொல்லும் இறுக்கும் பயிற்சியை இந்த வலிக்கு நாமாகச் செய்தால் வலி கூடலாம். பயத்தையும் கவலையையும் கையாள மனநல ஆலோசனையும் உதவும். அதற்குப் போவதால் வலி பொய்யாகிவிடாது. எதற்குமே கேட்காத சிலருக்கு மட்டும், வலி ஓரிடத்தில் நிற்கும்போது, கடைசியாக அறுவை சிகிச்சை உண்டு. தேறுவதற்கு மாதங்கள் பிடிக்கும். நடுவில் கூடும், குறையும். மனம் தளர வேண்டாம்.

ரமளானைப் பற்றியும் கேட்கிறார்கள். வெளியே தடவும் களிம்பால் நோன்பு முறியாது. உள்ளே வைக்கும் மருந்தை இரவில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைத் தராவீஹுக்குப் பிறகு சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் தந்திருக்கும் சலுகையை வாங்கிக்கொள்வதில் குற்றம் இல்லை.

இனி ஆண்களுக்கு. தீங்கை நீக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் ஐந்து பெரும் விதிகளில் ஒன்று. மனைவிக்கு வலிக்கிறது என்றால் நிறுத்துங்கள். வற்புறுத்தினால் தசையின் இறுக்கமும் அவளுடைய பயமும் கூடும், நோயும் நீளும். சிகிச்சை நடக்கும் மாதங்களில் அன்பாகப் பேசுவதும் பக்கத்தில் இருப்பதும் தாம்பத்தியத்தில் சேர்ந்தவைதான். மருத்துவரிடம் அவளைத் தனியே அனுப்பாமல் நீங்களும் போங்கள். மாமிமார்களே, மருமகளிடம் "எங்க காலத்துல நாங்க பொறுத்துக்கலையா?" என்று கேட்காதீர்கள். உங்களிலும் சிலர் சொல்லாமல் பொறுத்திருப்பீர்கள். அந்தச் சுமை அடுத்த தலைமுறைக்கு வேண்டாம்.

கடைசியாக, அறக்கட்டளை செய்திருக்கும் மாற்றங்கள். நம் மருத்துவ உதவி விண்ணப்பத்தில் 'நோயின் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. கூட்டத்தில் அதை உரக்கப் படிப்போம். எந்தப் பெண் இந்த நோய்க்கு உதவி கேட்டு வருவாள்? இனி பெண்களின் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் இருக்காது. மருத்துவர் சீட்டை ஒட்டிய உறையில் வைத்து மகளிர் பிரிவுப் பொறுப்பாளரிடம் கொடுத்தால் போதும். வெளியூர் மருத்துவமனைக்குப் போகத் துணைக்கு வருபவருக்கும் சேர்த்துப் பயணச் செலவு தருவோம். குடும்பப் பிரச்சினை பேச வருகிறவர்களிடம் தம்பதியர் உறவு பற்றிய புகார் இருந்தால், முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வதென்றும், அந்தப் பெண்ணிடம் பேச ஒரு பெண் இருப்பதென்றும் ஜமாஅத் நிர்வாகிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று "எரியுது" என்று சொன்ன பெண்ணுக்கு நாங்கள் இதைச் செய்யவில்லை. அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக. இந்த மஜ்லிஸில் இருந்துகொண்டு வலியைச் சொல்ல முடியாமல் தவிக்கும் ஒவ்வொருவருக்கும் அவன் பூரண ஷிஃபாவைத் தருவானாக. சொல்ல வருகிறவர்களை நிதானமாகக் கேட்கும் மனதை நமக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.