படகுக்கும் கடதாசி வேண்டும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர்களை மேடையேற்றினால் சீனி வருத்தத்தைப் பற்றியோ பிறஷரைப் பற்றியோ பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் பேச வந்தது பாய்ப்படகைப் பற்றி. அதிலும் ஓட்டுகிற வித்தையைப் பற்றியல்ல, சொந்தப் படகில் வேறு நாட்டுக்குப் போகிறவர் கையில் இருக்க வேண்டிய கடதாசிகளைப் பற்றி. கொக்குவிலில் கடல் இல்லைத்தான். ஆனால் எங்கள் பிள்ளைகள் இன்று நோர்வேயிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கடற்கரை நகரங்களில் வாழ்கிறார்கள். சிலர் வீட்டில் காரோடு படகும் நிற்கிறது.

1998இல் உயர்தரம் எடுத்த எங்கள் வகுப்பில் ஒருத்தி ஒஸ்லோவில் இருக்கிறாள். கோடை விடுமுறையில் அவளும் கணவரும் ஒரு பத்து மீற்றர்ப் படகில் டென்மார்க் வரை போய் வருவார்கள். போன வருடம், அதே வகுப்பில் வைத்தியர்களான எங்கள் மூவருக்கும் எழுதினாள்: "படகில வைக்கிற மருந்துப் பெட்டிக்கு ஒரு லிஸ்ற் போட்டுத் தாங்கோடி." மருந்தில் தொடங்கிய கதை பெரிய கடதாசிக் கட்டில் போய் நின்றது.

எந்தத் துறைமுகத்தில் போய்க் கட்டினாலும் முதலில் கேட்பது படகின் பதிவுச் சான்றிதழை. படகுக்கு அதுதான் பிறப்புச் சான்றிதழ், அதுதான் பாஸ்போட். எந்த நாட்டில் பதிந்திருக்கிறதோ அந்த நாட்டுக் கொடியைத்தான் படகு பறக்கவிடலாம். காப்புறுதிப் பத்திரமும் வானொலிக் கருவிக்கான அனுமதியும் அதோடு போகும். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாதபடியால், தோழியின் படகு டென்மார்க்கில் வரி கட்டாமல் தற்காலிகமாக வந்து நிற்கும் பொருள். அப்படி 18 மாதங்கள் நிற்கலாம், அதற்குமேல் நின்றால் வரிக் கணக்குத் தொடங்கிவிடும். 

ஓட்டுகிறவருக்கும் சான்றிதழ் உண்டு. 1980இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் நோர்வேயில் எட்டு மீற்றருக்கு மேற்பட்ட படகு ஓட்டச் சோதனை எழுத வேண்டும். நாங்கள் 1979. வயது போனதால் எங்களுக்குக் கிடைத்த சலுகை இது ஒன்றுதான். ஆனால் இந்தச் சலுகையை எல்லா நாடும் ஏற்காது. ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு வகுத்த சர்வதேசத் தகைமைச் சான்றிதழைக் கேட்கிற நாடுகள் இருக்கின்றன. அவள் அதையும் எடுத்து வைத்திருக்கிறாள்.

அடுத்தது ஆட்களின் பட்டியல். படகில் இருக்கிற ஒவ்வொருவரின் பெயர், பிறந்த திகதி, பாஸ்போட் இலக்கம். முதல் சில வருடங்கள் தோழியிடம் பாஸ்போட் இல்லை, 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தின்படி கொடுக்கிற பயணப் பத்திரம்தான் இருந்தது. நாடற்றவர்கள் எல்லை கடக்க ஒரு கடதாசி வேண்டும் என்று 1922இல் அதன் முன்னோடியை உண்டாக்கியவர் நன்சன். அவர் வடதுருவக் கடலில் கப்பலோட்டிய நோர்வேக்காரர். அதனால்தான் அந்தப் பத்திரத்தை நன்சன் பாஸ்போட் என்றார்கள். பனிக்கடலில் கப்பலை விட்டவருக்குக் கடதாசி இல்லாதவனின் கஷ்டமும் விளங்கியிருக்கிறது.

ஒரு நாட்டை விட்டுப் புறப்படும்போது துறைமுகம் கொடுக்கிற விடுகைப் பத்திரம் ஒன்று உண்டு. தூர நாடுகளுக்குப் போகிற படகுகளிடம் அடுத்த துறைமுகம் முதலில் கேட்பது அதைத்தான். தோழி தொலைபேசியில் அதன் பெயரைச் சொன்னாள்: "கிளியரன்ஸ்." மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இங்கே இருக்கிற தங்கச்சிமாருக்கு அந்தச் சொல்லை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் காலத்தில் தரைப்பாதை இல்லை. பல்கலைக்கழகத்துக்கோ நேர்முகப் பரீட்சைக்கோ கொழும்பு போவதென்றால் காங்கேசன்துறையில் கப்பலேறித் திருகோணமலையில் இறங்க வேண்டும். அதற்குக் கிராம சேவகரின் கடிதம், அதிபரின் கடிதம், படம், அடையாள அட்டைக் கொப்பி எல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சந்தியில் ஆளையாள் கண்டால் "சுகமா" என்று கேட்பதில்லை, "கிளியரன்ஸ் வந்திட்டுதோ" என்றுதான் கேட்போம். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று சொல்ல ஆளில்லை. எங்களில் ஒருத்திக்கு அது வந்தபோது, அவள் போக வேண்டிய நேர்முகப் பரீட்சை முடிந்து ஒன்பது நாள். அவள் இன்று நல்லாகத்தான் இருக்கிறாள், ஆனால் அவள் படிக்க விரும்பியது வேறு.

துறைமுகத்தின் விடுகைப் பத்திரம் அப்படியல்ல. கட்ட வேண்டியதைக் கட்டி, காட்ட வேண்டியதைக் காட்டினால் தருவார்கள். எதற்குப் போகிறாய் என்று மனத்தைத் தோண்டுவதில்லை. ஒரே சொல்லுக்குள் இரண்டு உலகம்.

சுகாதாரப் பத்திரங்கள் எங்கள் துறை, அதில் கொஞ்சம் கூட நேரம் எடுக்கிறோம். வேறு நாட்டுக் கரைக்கு வரும் படகு மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். மஞ்சள் என்றால் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய கடல் வழக்கில் அதன் பொருள் நேர்மாறு: "எங்கள் படகில் எல்லோரும் சுகம், இறங்க அனுமதி தாருங்கள்." அனுமதி கிடைக்கும் வரை ஒருவரும் கரையில் கால் வைக்கக் கூடாது. அதோடு கடல்சார் சுகாதாரப் பிரகடனம் என்று ஒரு படிவம். வழியில் யாரும் இறந்தார்களா, காய்ச்சல் உள்ளவர் உண்டா, வைத்தியரிடம் காட்டினீர்களா என்று கேட்கும். மறைத்து எழுதாதீர்கள். 2020இல் துறைமுகங்கள் பூட்டியபோது நடுக்கடலில் நின்ற படகுகளுக்குக் கைகொடுத்தது, நாள்தோறும் ஆட்களின் உடல்நிலையைக் குறித்து வைத்த கொப்பிதான். மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசி அட்டை 2016இலிருந்து ஆயுள் முழுவதும் செல்லும். பழைய அட்டையில் பத்து வருடம் என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம்.

மருந்துகளை அவற்றின் சொந்தப் பெட்டியிலேயே வையுங்கள். லஞ்ச் பெட்டிக்குள் கலந்து போட்டுக்கொண்டு போகிற எங்கள் வழக்கம் சுங்கத்தில் சரிவராது. வைத்தியரின் கடிதத்தில் வர்த்தகப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்க வேண்டும். திரமடோல், கொடீன் போன்ற நோவு மருந்துகளுக்குப் போகிற நாட்டின் சட்டத்தை முதலே பாருங்கள். ஒரு நாட்டில் சாதாரண மருந்து இன்னொரு நாட்டில் குற்றம். தடிமனுக்குக் குடிக்கிற சூடோஎபெட்ரின் பத்து வீதத்துக்கு மேலிருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது.

இதெல்லாம் வெளிநாட்டார் விளையாட்டு என்று ஒரு அக்கா முன்வரிசையில் சொல்வது கேட்கிறது. அக்கா, வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் சொந்தப் பாவனைக்கு வாங்கினார். அவர் 32 அடிப் படகில் உலகைச் சுற்றியவர். 1934இல் கலாபகோஸ் தீவில் குடல்வால் வெடித்துக் கிடந்தவரைக் காப்பாற்றப் பனாமாவிலிருந்து வைத்தியர்கள் வந்தார்கள். பிற்காலத்தில் தாகித்தியில் யானைக்கால் ஆராய்ச்சிக்குத் துணை நின்றார், அதனால் எங்களுக்கு அவர்மேல் ஒரு தனி மரியாதை. அவர் கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரை வைத்தார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதில் சுயஸ் கால்வாய் வழியாகப் போய் 1938 ஓகஸ்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள்.

அன்றைய அமெரிக்கச் சட்டங்கள் ஆசிய நாட்டவர் குடியேறுவதைத் தடுத்திருந்தன. கப்பலில் வேலை செய்பவர்கள் மட்டும் கப்பல் நிற்கிற காலத்துக்குக் கரையிறங்கலாம். ஆகவே ஆட்பட்டியலில் பெயருக்கு நேரே "மாலுமி" என்ற சொல் இருந்தால் கரை, இல்லாவிட்டால் கடல். அட்லாண்டிக்கைத் தாண்டின கைகளுக்கும் அந்த ஒரு சொல் தேவைப்பட்டது. எங்கள் பாடப்புத்தகத்தில் கொலம்பஸ் இருந்தார், இவர்கள் இருக்கவில்லை.

ஆகையால் நூற்றாண்டை ஒட்டி ஒரு வேண்டுகோள். எங்கள் வயதுக்காரரின் அலுமாரிகளில் அந்தக் கிளியரன்ஸ் துண்டுகளும் கப்பல் ரிக்கற்றுகளும் கிராம சேவகரின் கடிதங்களும் இன்னும் கிடக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர்களிடம் பழைய அகதிப் பயணப் பத்திரம் இருக்கலாம். வீடு மாறும்போது எறிந்துவிடாதீர்கள். மூலத்தைத் தர மனமில்லாதவர்கள் நல்ல தெளிவான கொப்பி தாருங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து, ஏனென்றால் முத்திரை பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் விழுந்திருக்கும். அடையாள அட்டை இலக்கத்தை மறைத்து அனுப்பலாம். எந்த ஆண்டு, எதற்காகப் போனீர்கள், எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்று வேறொரு தாளில் எழுதி ஒட்டாமல் கூட வையுங்கள். தயவுசெய்து லமினேற் செய்ய வேண்டாம், பழைய மை அந்தச் சூட்டுக்கு நில்லாது. சங்க அறையில் பூட்டுள்ள ஒரு அலுமாரி தருவதாக அதிபர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.