ஒரு பாலில் இரண்டு பந்தி



கைக்குழந்தைக்குத் துணி மாற்றும் பாட்டி, கழற்றிய துணியை ஒரு கணம் பார்த்துவிட்டு, "வயிறு நல்லாத்தான் இருக்கு" என்பார். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளையின் மலம் மஞ்சளாக, தளர்வாக, லேசான புளிப்பு வாசத்தோடு இருக்கும். பருப்புச் சோறு ஊட்டத் தொடங்கினால் அந்த வாசம் போய்விடும். பாட்டி பார்த்த அதே சங்கதியைத்தான் 1900ஐ ஒட்டி, பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்ரி டிசியே என்ற மருத்துவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கவட்டைபோல இரண்டாகப் பிரிந்த பாக்டீரியாக்கள் தெரிந்தன. இன்று அவற்றுக்குப் பெயர் பிஃபிடோபாக்டீரியம்.

இவற்றுக்கு யார் சோறு போடுகிறார்கள்? தாய்தான். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் 5 முதல் 15 கிராம் வரை ஒலிகோசாக்கரைடு என்ற கூட்டுச் சர்க்கரைகள் இருக்கின்றன. ஏறக்குறைய புரதத்தின் அளவு. வேடிக்கை என்னவென்றால், அவற்றை உடைக்கும் நொதி குழந்தையின் குடலில் கிடையாது. தன் உடம்பைக் கரைத்துச் சுரக்கிற பாலில், பிள்ளைக்குச் செரிக்காத பண்டத்தை ஒரு தாய் ஏன் சேர்க்க வேண்டும்? அது பிள்ளைக்கு வைத்த இலை இல்லை. அடுத்த பந்தியில் காத்திருக்கும் பாக்டீரியாவுக்கு வைத்தது. குறிப்பாக 'இன்ஃபான்டிஸ்' என்ற வகை, இந்தச் சர்க்கரைகளை அப்படியே உள்ளே இழுத்துத் தின்று, லாக்டிக் அமிலத்தையும் வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தையும் வெளிவிடுகிறது. துணியில் அடித்த புளிப்பு அதுதான். அந்தப் புளிப்பில் நோய்க்கிருமிகள் பல பிழைப்பதில்லை.

எல்லாக் குழந்தைக்கும் இது ஒரேபோல அமைவதில்லை. சிசேரியன், ஆன்டிபயாட்டிக் இரண்டும் கணக்கை மாற்றும். பால் போதாத தாய்மார்கள் இதைக் கேட்டுக் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது, கேளுங்கள்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். இந்தச் சர்க்கரைகள் மிக அதிகமாக இருப்பது சீம்பாலில். அதற்கு முன்பே சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் என்று ஏதாவதொன்றைப் பிள்ளையின் நாக்கில் தொட்டு, 'சேனை' வைத்து நாம் முந்திக்கொள்கிறோம். சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். குணம் வருகிறதோ இல்லையோ, விரலில் இருக்கிற கிருமி வந்துவிடும். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தும்கூட.

பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். ஆறு மாதம் முடியும்வரை, மருத்துவர் சொன்ன மருந்தைத் தவிர, தாய்ப்பால் மட்டும் போதும். கோடையிலும் தண்ணீர் வேண்டாம். சேனைக் கிண்ணத்தோடு வருகிற பெரியவரிடம், பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.