அணைத்த பிறகும் அடிக்கும்

வீட்டில் ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

சுவிட்சை அணைத்தாச்சு. பிளக்கையும் பிடுங்கியாச்சு. இனி ஷாக் அடிக்காது என்றுதானே நினைப்போம்? அடிக்கும்.

மோட்டாரை நிறுத்தினாலும் மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கும். குழாயைத் திறந்தால் கொட்டும். ஹாம் ரேடியோவின் சிக்னலைப் பெருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டரும் அப்படித்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். லேசுப்பட்டதல்ல, நம் வீட்டு மின்சாரத்தைப் போலப் பத்து மடங்கு வோல்டேஜ்கூட இருக்கலாம்.

அதை வடிக்கவென்றே உள்ளே ஒரு ரெசிஸ்டர் உண்டு. ஆனால் அது எரிந்து போயிருந்தால் வெளியே தெரியாதே! அதனால் பிளக்கைப் பிடுங்கியதும் சில நிமிடம் பொறுங்கள். பிறகு, அந்த வோல்டேஜைத் தாங்கும் மீட்டரை வைத்துப் பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர் இதற்கு ஆகாது.

அனுபவசாலிகள் ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் உள்ளே மறு கையை விடுவார்கள். பார்க்க வேடிக்கைதான். ஆனால் இரண்டு கையும் பட்டால் கரன்ட் நெஞ்சு வழியாகப் பாயும்.

மறுபடியும் சொல்கிறேன், அணைத்த பெட்டியும் அடிக்கும். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம். வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.